மின்சார சிகரெட்டும் மின்னழுத்தமும்



ஒரு கருவி நன்றாக வேலை செய்கிறது என்று எப்போது சொல்லுகிறோம்? எந்தப் பயனுக்காக அது ஏற்பட்டதோ, அந்தப் பயனைக் குறைவின்றித் தரும்போதுதான். தையல் இயந்திரம் எத்துணை வேகமாக ஓடினாலும், தையல் விட்டுவிட்டுப் போகுமாயின் அதை நல்ல இயந்திரம் என்று எவரும் பாராட்டுவதில்லை. இந்த எளிய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்நாளில் இளைஞர் பலருடைய பேச்சில் அடிபடும் ஒரு கருவியை ஆராய விரும்புகிறேன். மின்சார சிகரெட்டு என்பது அதன் பெயர். அதில் மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டேஜை, உயர்த்தினால் செயல்திறன் கூடும் என்பது அதைக் கையாளுவோரிடையே பரவியுள்ள கருத்து. அவ்வாறு உயர்த்தும்போது கூடுவது எது, குறைவது எது என்பதே நம்முடைய கேள்வி.

முதலில் இக்கருவி தோன்றிய வரலாற்றைச் சிறிது காண்போம். அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர், புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட்டு ஒன்றுக்கு 1963-ல் காப்புரிமை கோரி விண்ணப்பித்து, 1965-ல் அதைப் பெற்றார். ஆனால் அது விற்பனைக்குரிய பொருளாக உருப்பெறவில்லை. சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின்னர், 2003-ல், சீன நாட்டு மருந்தியல் அறிஞர் ஹோன் லிக் என்பவர் இன்று நாம் காணும் கருவிக்கு முன்னோடியான ஒன்றை அமைத்தார். அவர் தாமே மிகுதியாகப் புகை பிடித்தவர். அவருடைய தந்தையார் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தவர். ஆகவே, புகைப் பழக்கத்திலிருந்து மனிதனை மீட்பதே இக்கருவி பிறந்ததன் நோக்கம் என்பதை நாம் மறத்தலாகாது.

கருவியின் அமைப்பு மிக எளியது. ஒரு லித்தியம் பாட்டரி. ஒரு சிறு கம்பிச்சுருள். அச்சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் பஞ்சுத் திரி. அத்திரி தோய்ந்திருக்கும் ஒரு திரவம். திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிஸரினுமாகும். அவற்றுடன் நிக்கோட்டினும் பழ வாசனை முதலிய நறுமணப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. மின்சாரம் பாயும்போது சுருள் சூடேறுகிறது. திரியிலுள்ள திரவம் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நுண்ணிய துளிகளாக மிதக்கிறது. பார்வைக்குப் புகைபோல் தோன்றுவது இத்துளிக்கூட்டமே.

இங்கு ஒரு கணக்கைக் கூற வேண்டும். நான் கலைப் பட்டதாரி. மொழிபெயர்ப்பு என் தொழில். எனினும் இக்கணக்குக்குப் பள்ளியில் கற்ற ஓமின் விதியே போதும். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையை மின்தடையால் வகுத்தால், சுருளில் வெளிப்படும் ஆற்றல் வாட்டுக் கணக்கில் கிடைக்கும். மின்தடை 2 ஓம் என்று கொள்வோம். 3.7 வோல்ட்டில் ஆற்றல் ஏறத்தாழ 6.8 வாட்டு. 5 வோல்ட்டில் அதுவே 12.5 வாட்டு. அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உயர்ந்தபோது, ஆற்றல் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. அழுத்தத்தை இருமடங்காக்கினால் வெப்பம் நான்கு மடங்காகும். குமிழைச் சிறிது திருப்புகிறவன் சிறிதுதான் கூட்டியதாக எண்ணுகிறான். கம்பிச்சுருளோ அப்படி எண்ணுவதில்லை.

இவ்வாறு வெப்பம் மிகும்போது என்ன நேருகிறது? ஓரளவு வரையில் ஆவி அடர்த்தியாகிறது, சுவையும் மிகுகிறது. செயல்திறன் கூடிவிட்டது என்று சொல்லுவோர் குறிப்பிடுவது இதையே. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. நம் வீட்டுக் குத்துவிளக்கை நினைத்துப் பாருங்கள். திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவரும் வேகத்துக்கு ஏற்பச் சுடர் எரியும் வரையில் திரிக்குக் கேடில்லை. எண்ணெய் வந்து சேருமுன் சுடரின் வெப்பம் மிகுந்துவிட்டால் திரியே கரியத் தொடங்குகிறது. மின்சார சிகரெட்டிலும் அதுவே நிகழ்கிறது. திரவம் சுருளை எட்டுவதற்குள் திரி உலர்ந்துபோகிறது. உலர்ந்த இடத்தில் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது.

அலுவலகத்தில் என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர், தம் மகனுடைய மேஜையின்மீது பேனாவைப் போன்ற ஒரு பொருளைக் கண்டு, அதை எழுதுகோல் என்றே பல நாள் எண்ணியிருந்தார். உண்மை தெரிந்து வினவியபோது, "அப்பா, இது வெறும் நீராவிதான், வோல்ட்டைக் கூட்டினால் இன்னும் நன்றாக வரும், அவ்வளவே" என்று மகன் விடை கூறினானாம். அந்த விடையின் இரு பகுதிகளும் ஆராயத்தக்கவை.

வெளிவருவது நீராவியன்று, நான் முன்பு கூறிய திரவத்தின் துளிகளே அவை. மிகுந்த வெப்பத்தில் அத்திரவம் ஆவியாவதோடு நில்லாமல் சிதையவும் செய்கிறது. அடுப்பில் வைத்த எண்ணெய் காந்தும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் நெடி எழுவதை நம் இல்லத்தரசியர் நன்கு அறிவர். அந்நெடிக்குக் காரணமான அக்ரோலீன் என்னும் பொருளே கிளிஸரின் சிதையும்போதும் உண்டாகிறது. அதனோடு பார்மால்டிஹைடும் தோன்றுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் பார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வைத்துள்ளது.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். 3.3 வோல்ட்டில் கருவியை இயக்கியபோது, பார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள்கள் அவர்களுக்குத் தென்படவில்லை. 5 வோல்ட்டில் இயக்கியபோது தென்பட்டன. இதற்கு மறுப்பும் எழுந்தது. அத்தகைய வெப்பத்தில் வாய்க்கு ஒவ்வாத காந்தல் சுவை வரும்; மனிதர் எவரும் அவ்வாறு இழுக்கமாட்டார்; இயந்திரம்தான் இழுக்கும் என்று மறுத்தவர் கூறினர். நியாயமான மறுப்பே. ஆயினும் அது நமக்கு உணர்த்துவது யாது? எல்லைக்கு அப்பால் தீங்கு உண்டு என்பதை இரு சாராரும் ஒப்புக்கொள்கின்றனர். எல்லையைக் காட்டும் காவலாக நாவின் சுவை ஒன்றே நிற்கிறது என்பதே அது. நறுமணப் பொருள்கள் செறிந்த திரவத்தில் அந்தக் காவல் எவ்வளவு விழிப்பாக இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, மகன் கூறிய இரண்டாம் பகுதி. வோல்ட்டைக் கூட்டினால் ஆவி கூடுவது உண்மை. ஆவி கூடும்போது ஒவ்வோர் இழுப்பிலும் உட்செல்லும் நிக்கோட்டினும் கூடுகிறது. பழக்கத்துக்கு அடிமையாக்குவது அந்த நிக்கோட்டினே. பாட்டரியின் மீதும் சுமை ஏறுகிறது. 3.7 வோல்ட்டுப் பாட்டரியிலிருந்து சுருளுக்கு 5 வோல்ட்டு அளிக்க வேண்டுமாயின், இடையிலுள்ள மின்சுற்று, சுருளில் ஓடும் 2.5 ஆம்பியருக்காகப் பாட்டரியிலிருந்து 3.4 ஆம்பியருக்குக் குறையாமல் இழுத்தாக வேண்டும். தரங்குறைந்த பாட்டரியோ, பழுதுற்ற பாட்டரியோ இச்சுமையைத் தாங்காமல் கொதித்து வெடிக்கக்கூடும். அமெரிக்காவில் 2018-ல் பிளாரிடாவிலும் 2019-ல் டெக்ஸாஸிலும் இக்கருவி வெடித்து ஒவ்வொருவர் உயிரிழந்தனர்.

இக்கருவியால் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். அயல்நாட்டு அறிஞரின் கருத்தையும் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். நிக்கோட்டின் கொண்ட மின்சார சிகரெட்டு, புகையை விட முயலும் சிலருக்கு நிக்கோட்டின் பட்டை, பசை முதலியவற்றைவிடக் கூடுதலாகத் துணை செய்கிறது என்று 2022-ல் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு முடிவு கூறியது. பிரிட்டனில் மருத்துவத் துறையினர் இதைப் பயன்படுத்தியே பலரைச் சிகரெட்டிலிருந்து விலக்க முயலுகின்றனர். நம் நாடு வேறு வழியை மேற்கொண்டது. இளைஞரிடையே புதிய அடிமைத்தனம் பரவும் என்று அஞ்சி, 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும், அதே ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றச் சட்டத்தாலும் இதன் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டன. நிக்கோட்டின் இல்லாத திரவமாயினும் தடை பொருந்தும். விற்பனை முதலிய குற்றங்களுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆகவே தில்லியில் வாழ்ந்தாலும், மும்பாயிலோ கல்கத்தாவிலோ வாழ்ந்தாலும், அயல்நாட்டிலிருந்து வரும் உறவினரிடம் இதை வாங்கிவரச் சொல்லுவது தகாது.

சட்டம் ஒருபுறம் இருக்க, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. ஊரில் இருந்தால், பிள்ளையின் கையில் புதிதாக ஒன்றைக் கண்டதும் கேட்பதற்குச் சித்தப்பா இருப்பார், மாமா இருப்பார், எதிர்வீட்டுப் பாட்டி இருப்பார். இங்கே தாய் தந்தையரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? சிகரெட்டின் நாற்றமாவது உடையில் தங்கிக் காட்டிக்கொடுத்தது. மாம்பழ மணமோ காட்டிக்கொடுப்பதில்லை. எனவே பெற்றோர் இக்கருவியின் உருவையும் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தபின், அதட்டாமல், கணக்கைக் காட்டிப் பேசுதல் வேண்டும். அறிவுள்ள இளைஞனுக்கு ஓமின் விதி நல்லதொரு நண்பன்.

நிக்கோட்டின் பழக்கத்தை விட விரும்புவோர்க்கு அரசாங்கமே ஓர் உதவியை ஏற்படுத்தியுள்ளது. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில், 2016 முதல் ஆலோசனை வழங்கப்பட்டு வருகிறது. தில்லியில் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் தொடங்கிய இப்பணி, பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் முதலிய இடங்களுக்கும் விரிந்தது.

செயல்திறன் என்னும் சொல்லை நாள்தோறும் கோப்புகளில் எழுதுகிறவன் நான். செயல் இன்னதென்று முதலில் வகுத்துக்கொண்டால் அல்லாமல், திறனை அளக்க இயலாது. ஆவியை மிகுதியாக எழுப்புவதே செயல் என்றால், உயர்ந்த மின்னழுத்தம் திறனைக் கூட்டுகிறது. புகைக்கு அடிமையானவனை விடுவிப்பதே செயல் என்றால், ஏற்றிய ஒவ்வொரு வோல்ட்டும் அவனை அக்கருவியோடு இன்னும் இறுகப் பிணைக்கிறது. அந்தக் கருவி தேவையற்றதாகி, அலமாரியின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் நாளில்தான் அது தன் வேலையைச் செவ்வனே செய்து முடித்தது என்று சொல்லலாம்.