சாய்ந்து சுற்றும் கோள்கள்
(மே மாதம் நம் மொட்டை மாடியில் நடந்த வான் பார்க்கும் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாடி விளக்குகளை அணைத்துக் கொடுத்த செக்யூரிட்டி அண்ணனுக்கு முதலில் நன்றி.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது எப்போது? இப்போது அடிக்கிற வெயிலைப் பார்த்தால் மே என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அது ஜனவரி முதல் வாரம், மார்கழிக் குளிரில்! அப்போது தூரம் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. வித்தியாசம் மிகக் குறைவு. நம் பாதை கிட்டத்தட்ட வட்டம். நம் பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு, தூரம் அல்ல.

எல்லாக் கோள்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில் சுற்றுகின்றன. சூரியனும் அதே திசையில்தான் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் நடுக்கோடு பூமியின் பாதையிலிருந்து சுமார் 7 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. எல்லாம் ஒரே வாயுத் தட்டிலிருந்து பிறந்தவை என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆகவே மற்ற நட்சத்திரங்களிலும் இப்படித்தான் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நம் ஃப்ளாட்டின் பிளானை மட்டும் பார்த்துவிட்டு, ஊரிலுள்ள வீடெல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டியது போல.

வடக்கே பாருங்கள், சப்தரிஷி மண்டலம். அந்தப் பகுதியில் எச்.டி. 80606 என்றொரு நட்சத்திரம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. சின்ன டெலஸ்கோப் போதும். 2001-ல் அதற்கு ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். வியாழனைப் போல நான்கு மடங்கு எடை. சுற்றி வர 111 நாள். ஆனால் பாதையோ வால்நட்சத்திரத்தின் பாதை மாதிரி! வட்டம் என்றால் 0, ஒன்றை நெருங்க நெருங்க நீள்கிறது என்று ஓர் அளவு உண்டு. பூமிக்கு 0.017, இந்தக் கோளுக்கு 0.93.

தொலைவில் இருக்கும்போது சுமார் 13 கோடி கிலோமீட்டர். நெருங்கும்போது 45 லட்சம் கிலோமீட்டர்தான். அங்கே விழும் வெளிச்சம் 800 மடங்குக்கு மேல் கூடிவிடும். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 2007-ல் அதைக் கவனித்தது. ஆறே மணி நேரத்தில் வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1,200 டிகிரிக்கு ஏறியது. காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே!

பாதை சாய்ந்தும் இருக்கிறது. இத்தனை தொலைவில் அதை எப்படிக் கண்டார்கள்? சுழலும் நட்சத்திரத்தின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறுபாதி விலகுகிறது. வரும் பாதியின் ஒளி சற்றே நீலத்துக்கும், விலகும் பாதியின் ஒளி சிவப்புக்கும் நகரும். கோள் குறுக்கே போகும்போது முதலில் எந்தப் பாதியை மறைக்கிறது, எவ்வளவு நேரம் மறைக்கிறது என்று பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். 2009-ல் இந்தக் கோள் குறுக்கே போவதைப் பிடித்தார்கள். சாய்வு 40 டிகிரிக்கு மேல் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட வாஸ்ப்-17பி என்ற கோளோ, தன் நட்சத்திரம் சுழலும் திசைக்கு எதிராகவே சுற்றுகிறது.

காரணம்? எச்.டி. 80606-க்குத் தொலைவில் ஒரு துணை நட்சத்திரம் இருக்கிறது. அதன் ஈர்ப்பு மிக நீண்ட காலம் மெல்ல மெல்ல இழுத்து, வட்டத்தை நீட்டிச் சாய்த்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். லிடோவ், கோசாய் என்ற இருவர் 1960-களின் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டிருந்தார்கள். வேறு சில இடங்களில் பெரிய கோள்களே ஒன்றையொன்று தள்ளிவிட்டிருக்கலாம்.

எல்லாக் குடும்பமும் இப்படி அல்ல. பல கோள்கள் நெருங்கி வாழும் குடும்பங்களில் பாதைகள் பெரும்பாலும் வட்டமாக, ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. முட்டி மோதினால் சேர்ந்து இருக்க முடியாதே!

பூமியின் பாதை 0.93 ஆக இருந்திருந்தால் ஒவ்வொரு வருடமும் கடல் கொதித்திருக்கும். நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த அமைதிதான் நம் உயிருக்கு ஆதாரம். சப்தரிஷியைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளே, இனி உங்கள் கேள்விகள். பெரியவர்களுக்குச் சுண்டல் தயார்.