மூன்றில் ஒன்றைத் தடுப்பவர்



மூன்று முறை முயன்று இரண்டு முறை தோற்பவரை விளையாட்டில் பொதுவாக யாரும் கொண்டாடுவதில்லை. ஹேண்ட்பால் கோல்கீப்பருக்கு இந்த விதி பொருந்தாது. தன்னை நோக்கி வரும் பந்துகளில் மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே அவர் நல்ல கீப்பர். பத்துக்கு நான்கைத் தடுத்துவிட்டால், அன்றைய வெற்றிக்கு அவரே காரணம் என்பார்கள். நார்வே நாட்டின் கத்ரீனே லுண்டே இந்தக் கணக்கோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் சர்வதேச அரங்கில் நின்றவர். பெயரை இப்போதுதான் கேட்கிறீர்கள் என்றால், குறை உங்களுடையது அல்ல. நம் விளையாட்டுப் பக்கங்களுடையது.

கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். அதைச் சுற்றி ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு கோடு. அதற்குள்ளே கால் ஊன்றும் உரிமை கீப்பருக்கு மட்டுமே. ஆனால் எதிரணி வீராங்கனை கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிப் பாய்ந்து, தரையைத் தொடுவதற்குள் பந்தை எறியலாம். அதனால் பல பந்துகள் மூன்று நான்கு மீட்டர் அருகிலிருந்தே வரும். பெண்கள் ஆட்டத்தில் பந்தின் எடை 325 முதல் 375 கிராம். கையுறை கிடையாது, வெறும் கைதான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏழு மீட்டரைக் கடக்கக் கால் வினாடியும் சொச்சமும் போதும். பார்த்த பிறகு கையை நீட்டலாம் என்று நினைத்தால், அதற்குள் பந்து வலையில் இருக்கும்.

ஆகவே கீப்பரின் வேலை பந்து கையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஓரத்திலிருந்து ஒருத்தி பாய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீப்பர் அருகிலிருக்கும் கம்பத்தை ஒட்டி, ஒரு கையை உயர்த்தி நிற்கிறார். பாய்ந்தவள் காற்றில் மிதந்தபடி காத்திருக்கிறாள்: முதலில் யார் அசைவது? கீப்பர் அவசரப்பட்டுக் காலைத் தூக்கினால் அந்தக் காலுக்குக் கீழே பந்து போகும். முன்னால் ஓடி வந்தால் தலைக்கு மேலே போகும். தேர்ந்த கீப்பர் தூரக் கம்பத்தின் பக்கம் வேண்டுமென்றே கொஞ்சம் இடம் விட்டுவைப்பார். பாய்ந்தவளின் தோள் திரும்புகிறது, முழங்கை விரிகிறது. அப்போது கீப்பரின் கால் இடுப்பளவு உயர்கிறது, கை அந்தப் பாதத்தை நோக்கி இறங்குகிறது. திறந்திருந்த இடம் மூடிக்கொள்கிறது. லுண்டேயின் தனிச்சிறப்பு இந்தப் பொறுமைதான். கூச்சலிட்டு, குதித்து எதிராளியைக் கலங்கடிக்கும் கீப்பர்கள் உண்டு. எனக்கு இவர் வகையே பிடிக்கும்: கடைசிவரை அசையாத உடம்பு.

லுண்டே 1980இல் கிறிஸ்டியான்சான் நகரில் இரட்டையராகப் பிறந்தவர். உடன்பிறந்த கிறிஸ்டினேயும் அதே தேசிய அணியில் களத்தில் ஆடியவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம் இருவருக்கும் உண்டு. கத்ரீனே பிறகு லண்டனிலும் பாரிஸிலும் தங்கம் வென்றார். ரியோவிலும் டோக்கியோவிலும் வெண்கலம். டென்மார்க்கின் விபோர்க், ஹங்கேரியின் கியோர், சொந்த ஊரின் வைப்பர்ஸ் ஆகிய மூன்று கிளப்புகளோடு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை ஏழு முறை வென்றார்.

இதெல்லாம் தனி ஒருவரின் சாதனை என்று சொன்னால் அது மிகை. நார்வே எப்போதும் நல்ல கீப்பர்கள் இருவரை வைத்துக்கொள்ளும் நாடு. காரி கிரிம்ஸ்போ, பிறகு சில்யே சூல்பெர்க் என்று மற்றவர்களோடு கோலைப் பகிர்ந்து, வெளியே உட்கார வேண்டிய நாளில் உட்கார்ந்தவர் லுண்டே. அவர் இத்தனை காலம் நீடித்ததற்கு அந்தப் பகிர்வும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்திலேயே நார்வே சுவீடனிடம் தோற்றது. பிறகு தோல்வியே இல்லை. லீல் நகரில் நடந்த இறுதியாட்டத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால் பிரான்ஸ் எடுத்தது 21 கோல்; நார்வே 29. லுண்டேக்கு அப்போது வயது 44.

அடுத்த ஜனவரியில் வைப்பர்ஸ் கிளப் திவாலானது. 2021 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கிளப் அது. பெண்கள் விளையாட்டின் பணநிலை உச்சியில்கூட இவ்வளவுதான்.

லுண்டே அதோடு நின்றுவிடவில்லை. 2025 டிசம்பரில், 45 வயதில், ராட்டர்டாமில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோலில் நின்றார். நார்வே 23, ஜெர்மனி 20. நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.