பூமியைத் தாழ்த்தியது யார்?

(மணிமுத்தாற்றில் பேசியதன் சாரம்)



மேற்கே தெரிகின்ற இந்தப் பொதிகை மலைத் தொடரைப்பற்றி வழங்கும் கதை உங்களுக்குத் தெரியும். பரமசிவன் கலியாணத்துக்குத் தேவர்கள் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டதாம். உடனே அகத்தியரை இங்கு அனுப்பிப் பூமியைச் சமப்படுத்தினார்களாம். அத்தனை தேவர்களின் பாரத்துக்கும் ஒரு குள்ள முனிவர் ஈடு என்றால், அது எந்தக் கடைத் தராசு என்று நாம் கேட்கின்றோம்.

ஆனால் பூமி தாழ்வதும் உயர்வதும் பொய்யல்ல. அதற்குக் காரணம் தேவர்கள் கூட்டமல்ல என்பதுதான் விஷயம்.

பூமியின் மேலோடு பல பெரிய தகடுகளாகப் பிரிந்து, வருஷத்துக்குச் சில அங்குலம் வீதம் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாடும், இலங்கையும், மடகாஸ்கரும், தென்துருவக் கண்டமும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்குமுன் தென்துருவக் கண்டம் நம்மைவிட்டுப் பிரியத் தொடங்கிற்று. பிசைந்த மாவை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் மெலிகிறதல்லவா? அவ்விதமே நிலமும் மெலிந்து, வெடித்து, இடையிடையே பாளம் பாளமாகக் கீழே இறங்கிற்று. காவிரிப் படுகையும் மன்னார் வளைகுடாப் பள்ளமும் அப்படி உண்டானவையே. இலங்கைக்கும் நமக்கும் இடையில் ஏற்பட்ட அந்தப் பிளவு முற்றும் பிளக்காமல் பாதியில் நின்றுவிட்டது.

பள்ளம் இருந்தால் ஆறு சும்மா இருக்குமா? மலையை அரித்து மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிற்று. இங்கேதான் யோசிக்கவேண்டும். தூர் வாராத குளம் என்ன ஆகும் என்பதைத் திருநெல்வேலிக் குடியானவருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சில தலைமுறையில் மேடாகிவிடும். அப்படியிருக்க, காவிரிப் படுகையின் ஆழமான இடங்களில் 5 கிலோமீட்டருக்குமேல் வண்டல் படிந்திருக்கிறதே, அது எப்படி? மண் விழ விழ, அடித்தளமும் இறங்கிக்கொண்டே போயிற்று. இழுபட்டபோது கீழிருந்து வந்த சூடு, பிறகு மெள்ள ஆறியது. ஆறிய பாறை சுருங்கித் தாழ்ந்தது. அதன்மேல் விழுந்த மண்ணின் பாரமும் சேர்ந்து அதை அழுத்திற்று. அந்த அடுக்குகளிலிருந்துதான் 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் எடுத்தார்கள். பள்ளத்திலே புதைந்து வெந்த கடற்பூச்சிகளின் மிச்சம் அது.

நம் தாமிரபரணியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாண்டியர் காலத்தில் கப்பல் வந்த கொற்கை, இன்று கடலைவிட்டு உள்ளே வயல் நடுவே கிடக்கிறது. ஆற்று மண் கடலைத் தள்ளிவிட்டது. 2018-இல் 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் புஷ்கரம் என்று இந்த ஆற்றிலே லட்சக்கணக்கானோர் முழுகினார்கள். கோடி ஆண்டுக் கணக்கில் ஆறு செய்யும் வேலையை அவர்களில் எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

தாழ்ந்தது உயர்வதும் உண்டு. நம் தகடு வடக்கே போய் ஆசியாவோடு மோதியபோது, அங்கே கடலடியில் படிந்திருந்த வண்டலெல்லாம் மடிந்து இமயமலையாக எழும்பிற்று. நேபாளத்துக் கண்டகி நதியில் பொறுக்கிவரும் சாளக்கிராமம், அந்தக் கடலில் வாழ்ந்த நத்தை போன்ற சுருள் ஓட்டுப் பிராணியின் கல்லான அச்சே. அதற்கு அபிஷேகம், நைவேத்தியம், தொட்டால் தீட்டு! அதே இனத்துச் சுருள் ஓடுகள் நம் அரியலூர் வண்டலிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அங்கே சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்துச் சிமெண்டுக்கு அரைக்கிறார்கள்.