சிறை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை



ஓர் அம்மாவை நினைச்சுப் பாருங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மகன் ஜாமீனில் வீட்டுக்கு வந்திருக்கான். சிறையில் மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையால் தூக்கமும் பேச்சும் சீராகியிருந்தது. கையோடு கொண்டு வந்த மாத்திரை சில நாளில் தீர்ந்துபோச்சு. மருந்துச் சீட்டு இல்லை. "நல்லாத்தானே இருக்கான்"னு வீட்டிலும் விட்டுட்டாங்க. மறுபடி தூக்கம் போச்சு. காதுக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சான். கோர்ட்டு வாய்தாவுக்குப் போகலை. பிடிவாரண்ட் வந்தது. மறுபடியும் சிறை.

தப்பு அவன் குணத்தில் இல்லைங்க. மருந்து இடையில் நின்றதுதான் காரணம். இதைத் தடுக்க நம்மால் முடியும்.

முதலில், விடுதலை ஆகும்போதே சிகிச்சை விவரத்தையும் மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்குங்க. தன் மருத்துவப் பதிவுகளைப் பெறுவது, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமை. கிடைத்ததும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்க. தாள் தொலைந்தாலும் விவரம் தொலையாது.

இரண்டாவது, மாத்திரை தீர்வதற்கு முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்க. எந்தப் பக்கம் போவது என்று தெரியலையா? 14416-க்குப் போன் பண்ணுங்க. இது டெலி மானஸ் உதவி எண். இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம். அவரும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

மூன்றாவது, வாய்தா தேதிக்குச் செல்போனில் அலாரம் வையுங்க. உடல்நிலை சரியில்லை என்றால் முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லுங்க. மனநோய் உள்ளவர்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. அதற்கான எண் 15100.

கடைசியா ஒண்ணு. வெளியே வந்தவர் மேல் ஏற்கெனவே ரெண்டு முத்திரை குத்தியாச்சு: ஜெயிலுக்குப் போனவன், மனநிலை சரியில்லாதவன். வீட்டுக்குள்ளேயும் அதையே சொல்லிக் காட்ட வேண்டாமே. "சாப்பிட்டியாப்பா? மாத்திரை போட்டியா?" தினமும் இந்த ரெண்டு கேள்வி போதும்.

14416, 15100. ரெண்டு எண்ணையும் இப்பவே செல்போனில் பதிஞ்சுக்கோங்க. உங்க தெருவில் யாருக்காவது நாளைக்கே தேவைப்படலாம்.