அப்ரண்டிஸ் பதிவேடும் கணிப்பொறியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்லூரி நாட்களை அழகாக நினைவுபடுத்தினார்கள். எனக்கு அந்த அளவுக்குப் பேச வராது. சங்கச் செயலாளர் என்னிடம், "உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க சார், பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். இங்கே கணிதம் படித்துவிட்டு, சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் அப்ரண்டிஸ் பதிவேடுகளைப் பராமரித்தவன் நான். முதலில் லெட்ஜரில், பிறகு கணிப்பொறியில். கேட்டாலே தூக்கம் வரும் விஷயம் என்று தெரியும். அதனால் நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1991-ல் எங்கள் பிரிவுக்கு ஒரு கணிப்பொறி வந்தது. ஏ.சி. ரூம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், கிட்டத்தட்ட சன்னிதிதான். "நீ கணக்குப் படிச்சவன்தானே, நீயே பாத்துக்கோ" என்று மேலதிகாரி என் தலையில் கட்டினார். நானும் டிபேஸ் கற்றுக்கொண்டு அப்ரண்டிஸ்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். டிபேஸில் ஒவ்வொரு விவரத்துக்கும் எத்தனை எழுத்து என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஃபிளாப்பியில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெயருக்கு ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து ஒதுக்கினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு.

1993-ல் ஒரு பையன் ஃபிட்டர் பயிற்சியை முடித்தான். பள்ளிப்பட்டுப் பக்கம், நெசவாளர் குடும்பம். விடியற்காலை ரயிலில் வந்து இருட்டிய பிறகு வீடு திரும்புவான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வீட்டுப்பெயர், அப்பா பெயர், தன் பெயர் மூன்றும் சேர்ந்து நீளமாக இருக்கும். என் பட்டியல் பதினைந்தாவது எழுத்தோடு வெட்டிவிட்டது. வீட்டுப்பெயரும் அப்பா பெயரில் பாதியும் நின்றன. பையனின் சொந்தப் பெயரே இல்லை! அந்தப் பட்டியல்தான் அகில இந்தியத் தொழிற்தேர்வுக்குப் போனது. ஹால் டிக்கெட்டும் அப்படியே வந்தது. தேர்வு மையத்தில், "இது நீதான்னு எப்படி நம்புறது? ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் ஓடி வந்தான். நான் லெட்டர் டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்புவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது.

அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பெரிய நிறுவனத்தில் ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சான்றிதழ் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். அவனோடு பயிற்சி பெற்ற சிலர் அதில் போய்ச் சேர்ந்தார்கள். அவன் அடுத்த தேர்வில் நல்ல மார்க் வாங்கினான். ஆனால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். இதில் கணிப்பொறியின் குற்றம் எதுவும் இல்லை. பதினைந்து என்று சொன்னவன் நான்.

அன்றைக்குப் பிறகுதான் இந்தப் பதிவேடு என்பது என்ன என்று சட்டப் புத்தகத்தை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது, 1962-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். முதலாளியோடு ஓர் ஒப்பந்தம் போட வேண்டும், அதை அரசு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பையன் மைனராக இருந்தால் பெற்றவரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். 19-ஆம் பிரிவு, ஒவ்வொருவரின் பயிற்சி முன்னேற்றத்தையும் முதலாளி பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. அப்படியென்றால், ஓராண்டோ இரண்டாண்டோ உழைத்த பிள்ளை கையில் எடுத்துக்கொண்டு போவது என்ன? தொழிலும், அந்தத் தொழிலைக் கற்றான் என்பதற்கான காகிதமும். இரண்டே இரண்டுதான்.

1995-ல் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி முடித்த அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தர வேண்டும். பயிற்சி முடித்தவர்களின் பட்டியலை ஆண்டுவாரியாக வைத்திருக்க வேண்டும், முதலில் முடித்தவர் சீனியர். பாருங்கள், நாட்டின் உச்ச நீதிமன்றமே கடைசியில் ஒரு பட்டியலில் வந்து நிற்கிறது! அந்தப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் முன்னுரிமையும் விட்டுப்போகும்.

ஆள் எடுப்பதிலும் இதே கதைதான். ரயில்வேயின் பல அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க்கையும் ஐ.டி.ஐ. மார்க்கையும் சேர்த்துச் சராசரி எடுத்து வரிசைப்படுத்துவார்கள். இருவருக்கும் சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம். இந்த மாதிரி வரிசையைக் கையால் போடுவது என்றால் ஆபீசில் மூன்று பேர் இரண்டு வாரம் உட்கார வேண்டும். மென்பொருள் சில நிமிடங்களில் போட்டுவிடும். ஆனால் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால், தப்பான வரிசையையும் அதே சில நிமிடங்களில் போட்டுவிடும். கேட்டால் "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வந்திருக்கு" என்பார்கள். கம்ப்யூட்டரில் தானாக எதுவும் வராது ஐயா, யாரோ ஒருவர் விரலால்தான் வந்திருக்கும்.

இதை இந்த ஊரில் ஏன் சொல்கிறேன்? நம்முடையது எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தோம். ம.பொ.சி. போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். எல்லைக்கோட்டை மாற்றினார்களே தவிர, வீட்டுக்குள் இருந்த பெயர்களை மாற்ற முடியுமா? தெலுங்கு வழக்கத்தில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். தமிழ் வழக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து வரும். நம் ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வபள்ளி என்பது வீட்டுப்பெயர். அவர் தந்தையின் பெயர் வீராசாமி. தமிழ் வழக்கப்படி எழுதினால் அவர் வீ. ராதாகிருஷ்ணன் ஆகியிருப்பார். அவர் இன்று அப்ரண்டிஸ் விண்ணப்பம் போட்டால், மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் பாஸ்புக்கில் ஒன்று என்று இருந்து நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள்!

அதற்கு மேல் நம் முருகன். இந்த மலையடிவாரத்தில் நின்று "தணிகாசலம்" என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'எச்' போடுவார், இன்னொருவர் போடமாட்டார். மனிதனுக்கு இரண்டும் ஒருவர்தான். கணிப்பொறிக்கு இருவர்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஒப்பந்தம், பதிவு எல்லாம் இணையதளம் வழியாக நடக்கிறது. 2016-ல் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 2023 முதல் நேராகப் பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 'நாட்ஸ்' என்று தனித் திட்டம், தனித் தளம். தென் மாநிலங்களுக்கான அதன் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

மாணவச் செல்வங்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் காலத்தில் அப்ரண்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. பையன், டிப்ளமோ பையன், எஞ்சினியர், அவ்வளவுதான். 2014 திருத்தம் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. 2019-ல் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9000 ரூபாய் என்று விதியில் நிர்ணயித்தார்கள். "நாம ஆர்ட்ஸ் காலேஜ்தானே" என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

ஆனால் சேருவதற்கு முன்னால் இந்தக் கிழவன் சொல்லும் நாலு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரியே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள், தேர்வுக்கு முதல் நாள் அல்ல. இரண்டாவது, ஒப்பந்தம் பதிவாகி எண் வந்துவிட்டதா என்று கேளுங்கள். "பேப்பர் எல்லாம் மேல போயிருக்கு" என்பது பதில் ஆகாது. எண் இல்லாவிட்டால் நீங்கள் சட்டப்படி அப்ரண்டிஸ் என்று காட்ட வழி இல்லை. மூன்றாவது, என்ன கற்றீர்கள் என்று தினமும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதி, வாரம் ஒருமுறை சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள். மென்பொருளில் உங்கள் வருகை மட்டும் ஏறி, கற்றது ஏறாமல் போகலாம். நான்காவது, தேர்வுப் பட்டியல் போகும் முன் உங்கள் பெயரை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். அந்தப் பையனும் வெட்கப்பட்டுத்தான் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

இப்போது என் வயதுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கலைகிறது. தப்பில்லை. ஆனால் நம்மில் வங்கியில் இருந்தவர்கள் இருக்கிறார்கள், தாசில்தார் ஆபீசில், ரயில்வேயில், அம்பத்தூர் கம்பெனிகளில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, பதிவு செய்ய உதவி செய்தால் என்ன? பணம் காசு வேண்டாம். மூக்குக்கண்ணாடி ஒன்று போதும். முதல் ஞாயிறுக்கு நான் வருகிறேன்.

முடிக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஆடிக் கிருத்திகைக்குப் படியேறிக் கொண்டிருந்தேன். முந்நூற்றறுபத்தைந்து படியில் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். பூக்காவடி எடுத்து வந்த ஒருவர் பக்கத்தில் நின்று, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். அதே பையன். தலை நரைத்திருந்தது. ஒரு சின்ன லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருக்கிறாராம், மகள் பி.காம். படிக்கிறாளாம். நான் அந்தப் பழைய விஷயத்தை எடுக்கத் தயங்கினேன். அவரே சிரித்துக்கொண்டு, "இப்ப கம்ப்யூட்டர்ல எங்க பேரு முழுசா புடிக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

"புடிக்குதுப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? "அப்ப எம் பொண்ணு பேரை ஒரு தடவை பாத்துக் குடுங்க சார்" என்றார். அந்த வாரமே வீட்டுக்கு வரச்சொல்லிப் பார்த்துக் கொடுத்தேன். ஆதாரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தது. திருத்திவிட்டோம்.