வண்டலூரில் ஓடி நின்ற கார்



நாம் பேச்சு வழக்கில் 'காடி' என்று சொல்லும் மோட்டார் கார், நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டிலும் செய்யப்பட்டது. அந்தத் தொழிற்சாலை எழுந்ததையும் மறைந்ததையும் இன்று பார்ப்போம்.

இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், 'ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா' என்ற கம்பெனி சென்னையில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனி அதில் கூட்டாளி. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் 'வேன்கார்ட்' காரின் பாகங்களை இங்கிலாந்திலிருந்து தருவித்துப் பூட்டினார்கள். பிறகு பாகங்களை இந்தியாவிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1961இல் 'ஹெரால்ட்' கார் வந்தது. 1963இல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே மறைந்தது. வண்டலூரிலோ அந்தப் பெயர் நிலைத்தது.

1970களின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்று, வேன்கள் மட்டுமே தயாராயின. 1985இல் மீண்டும் ஒரு கார் வந்தது. அதுதான் 'ஸ்டாண்டர்ட் 2000'. அதன் உடல், இங்கிலாந்தின் ரோவர் காருடையது, பெரியது, அழகானது. அதற்குள் வைத்த எஞ்சினோ வேன்கார்ட் காலத்துப் பழைய எஞ்சினைத் திருத்தியமைத்தது. வண்டியின் கனத்துக்கேற்ற வலு அதற்கு இல்லை. பெட்ரோலும் அதிகம் குடித்தது. மரம் சீவும் கத்திக்குப் புதுக் கைப்பிடி போட்டால் போதுமா? முனை மழுங்கியிருந்தால் பால் இறங்குமா?

அதற்கு முன்பே, 1983இல், மாருதி என்ற சிறிய கார் வந்திருந்தது. விலை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. மக்கள் அதையே நாடினார்கள். 1988இல் ஸ்டாண்டர்ட் கார் உற்பத்தி நின்றுபோனது. தோட்டத் துண்டாடலால் வேலையையும் வீட்டையும் இழந்த குடும்பங்களை அறிந்த நமக்கு, ஆலைக் கதவு மூடினால் தொழிலாளி வீட்டில் என்ன நேரும் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தொழில் அழியவில்லை. பத்தே ஆண்டுகளில், 1998இல், சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹூண்டாய் கார்கள் தயாராயின. நம் நாட்டில் 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. நம் மலாக்காவில், அலோர் காஜாவை அடுத்த பெகோவில், 2003இல் ஹோண்டா தொழிற்சாலை தொடங்கியது.

பெற்றோர்களே, கம்பெனிகள் வரும், போகும். கைத்தொழில் அறிந்தவனுக்கு ஒரு கதவு மூடினாலும் வேறொரு கதவைத் தட்டத் தெம்பு இருக்கும். பழுதான சைக்கிளைப் பிள்ளை பிரித்துப் பார்த்தால் அதட்டாதீர்கள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிடாமல், தொழிற்பயிற்சிக்கு எங்கே, எப்படி மனுச் செய்வது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஏற்கெனவே தொழில் கற்ற இளைஞர்களும் கற்றது போதும் என்று இருந்துவிடக் கூடாது. பழைய எஞ்சினோடு புதிய சாலையில் நெடுந்தூரம் போக முடியாது.