வான்படைச் சாகச விமானிகளும் நம் பிள்ளைகளும்
(வெள்ளிவிழாவில் நிகழ்த்திய உரை)



கடந்த 25 ஆண்டுகளாக நம் கழகம் ஆசிரியப் பணி, அரசு அலுவல், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஓயாது பேசி வந்திருக்கிறது. அவை பேச வேண்டியவையே. ஆயினும் நாம் பேசாமல் விட்ட துறைகளும் உள. அவற்றுள் ஒன்றை இவ்விழா மேடையில் எடுத்துக்கொள்கிறோம். 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய வான்படை நிகழ்த்திய சாகசக் காட்சியைக் காணப் பல இலட்சம் மக்கள் திரண்டனர். ஐவர் உயிரிழந்த துயரமும் அன்று நேர்ந்தது. அண்ணாந்து பார்த்த அக்கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருந்திருப்பர். மேலே பறந்தவர்கள் யார், எவ்வழியாக அங்கே சென்றனர், அவ்வழி நமக்குத் திறந்திருக்கிறதா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

செட்டிநாட்டுக்கு விமானம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே செட்டிநாட்டில் விமான ஓடுதளம் அமைந்தது. காரைக்குடிக்குக் கல்லூரிகளை ஈந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் இலண்டனை அடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் பெற்றவர். ஜுபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தியவர். வானில் ஏறுவதற்குச் செல்வம் வேண்டியிருந்த காலம் அது. இன்றும் பயணிகள் விமானம் ஓட்டக் கற்க விரும்புவோர் பல இலட்சம் ரூபாய் செலவிட வேண்டும். வான்படையில் சேரும் விமானிக்கோ பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. பயிற்சியின் இறுதி ஆண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை விமானியாவதற்கு இதனினும் நேரான வழி வேறில்லை.

இனி, சாகசக் குழு என்பது யாது எனக் காண்போம். 1982இல் வான்படையின் பொன்விழாவையொட்டி, ஹண்டர் விமானங்களைக் கொண்ட தண்டர்போல்ட்ஸ் குழு உருவாயிற்று. 1989 வரை அது இயங்கியது. பின்னர் 1996இல் கர்நாடக மாநிலத்துப் பீதரில் சூரிய கிரண் குழு தோன்றியது. அதன் முதற் பொதுக் காட்சி அவ்வாண்டு செப்டம்பரில் நம் கோயம்புத்தூரில்தான் நிகழ்ந்தது. கிரண் விமானங்கள் பயிற்சிக்குத் தேவைப்பட்டமையால் 2011இல் நிறுத்தி வைக்கப்பெற்ற அக்குழு, 2015இல் ஹாக் விமானங்களுடன் மீண்டும் எழுந்தது. ஒன்பது விமானங்கள், சிறகுக்குச் சிறகு ஏறத்தாழ ஐந்து மீட்டர் இடைவெளியில், ஒரே உடல் போல் திரும்புகின்றன, தலைகீழாய்ச் சுழல்கின்றன. சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் குழு இதே கலையை ஹெலிகாப்டர்களில் நிகழ்த்துவது. 2004இல் சிங்கப்பூரில் அது முதன்முதலாக அயல்நாட்டு மக்கள் முன் பறந்தது.

சாகச விமானி என்று தனியே ஒரு வேலை இல்லை என்பதை இளைஞர்கள் முதலில் உணர வேண்டும். அதற்கு விண்ணப்பப் படிவமும் இல்லை. போர் விமானியாகப் பல ஆண்டு பணியாற்றி, ஆயிரம் மணி நேர அளவில் பறந்தவர்கள் தாமாக முன்வந்தால், அவர்களுள் மிகச் சிலர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பெரும்பாலும் அவர்கள் பிறருக்குப் பறக்கக் கற்பிக்கும் தகுதி பெற்ற பயிற்றுநர்கள். அத்தகுதியை வழங்கும் பள்ளி சென்னையை அடுத்த தாம்பரத்தில் இருக்கிறது. வடநாட்டு வானில் வண்ணப் புகை விடும் விமானிகளிற் பலர் தாம்பரத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சென்றவர்களே! குழுவிற் சேர்ந்தபின் இரண்டு விமானங்களில் தொடங்கி, படிப்படியாக ஒன்பது வரை கூட்டிப் பழகுவர். ஏறத்தாழ மூன்றாண்டுக்குப் பின் மீண்டும் போர் விமானப் பிரிவுக்கே திரும்புவர். அங்கிருந்து சிலர் நீலகிரி வெல்லிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிக் கல்லூரிக்கும், சிலர் பிரிவுத் தலைமைக்கும் உயர்வர். ஆகவே சாகசக் குழு என்பது நெடிய பாதையின் நடுவே வரும் மூன்றாண்டுத் தங்கல். பாதையின் முடிவு அன்று.

ஆபத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2019 பிப்ரவரி 19ஆம் நாள் பெங்களூரை அடுத்த எலகங்காவில் ஒத்திகையின்போது சூரிய கிரண் விமானங்கள் இரண்டு மோதிக்கொண்டன. விங் கமாண்டர் சாகில் காந்தி உயிர் நீத்தார். அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் குழுவுக்கு 1994இல் தலைவரான டானி காக்ரன், தம் பறத்தல் தமக்கே நிறைவளிக்காதபோது 1995இல் காட்சிகளை நிறுத்திப் பயிற்சியைக் கூட்டினார். 1996இல் தாமாகவே தலைமையினின்று விலகினார். வீரம் என்பது துணிவு மட்டுமன்று, தன் அளவைத் தானே அறிதலும் ஆகும்.

இந்தக் காக்ரன் அக்குழுவிற் பறந்த முதல் கருப்பின விமானி. இங்கே நம் கழகம் கூர்ந்து நோக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881 முதல் டஸ்கீகியில் தம் மக்களுக்கென ஒரு கல்வி நிலையத்தை நடத்தி வளர்த்தார். கருப்பினத்தவர் போர் விமானம் ஓட்டத் தகுதியற்றோர் எனப் பேசப்பட்ட நாட்டில், 1941இல் அந்த டஸ்கீகியிலேதான் அவர்களுக்கு விமானப் பயிற்சி தொடங்கியது. 1946க்குள் ஏறத்தாழ ஆயிரம் விமானிகள் அங்கே உருவாயினர். 1953இல் அமைந்த தண்டர்பேர்ட்ஸ் சாகசக் குழுவில் முதல் கருப்பின விமானியாக லாயிட் நியூட்டன் இடம்பெற்றது 1974இல். அவரே பின்னாளில் நான்கு நட்சத்திரத் தளபதியாகி, அமெரிக்க வான்படையின் கல்வி, பயிற்சிப் பிரிவு முழுவதற்கும் தலைமை தாங்கினார். ஓர் ஒடுக்கப்பட்ட சமுதாயம் தனக்கென எழுப்பிய பள்ளியிலிருந்து வானுக்குப் போன வழி இது.

நம் நாட்டிலும் படைக்கும் நம் கல்விக்கும் தொடர்பு உண்டு. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். படை தந்த எழுத்தறிவே அவ்வீட்டில் ஒளியேற்றியது. பின்னர் மகர் மக்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் அமைந்தபோது அது மீண்டும் திறந்தது. கதவுகள் அடைபடுவதும் திறப்பதும் நாம் அறிந்தவையே.

இன்றைய கதவு எத்தகையது? படை அதிகாரிப் பணியில் பட்டியல் வகுப்பினர்க்கு இட ஒதுக்கீடு கிடையாது. தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வில் நமக்குக் கட்டண விலக்கு உண்டு. மதிப்பெண்ணிலோ வயதிலோ சலுகை இல்லை. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்தவர் எழுதலாம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். பின்னர்ப் பல நாள் நேர்முகத் தேர்வு. விமானித் திறன் சோதனையோ வாழ்நாளில் ஒரே முறை. பட்டதாரிகளுக்கு இருபது முதல் இருபத்து நான்கு வயது வரை வேறு தேர்வுகள் உள, என்.சி.சி.யின் ‘சி’ சான்றிதழ் உடையோர்க்குத் தனி வழியும் உண்டு. எங்கும் ஒதுக்கீடு மட்டும் இல்லை.

ஆனால் இதற்கு முன்னே ஒரு கதவு இருக்கிறது. உடுமலையை அடுத்த அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இயங்கி வருகிறது. அங்கே பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கோ ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். பத்து வயதில் தமிழும் ஒதுக்கீடும் துணை நிற்கின்றன. பதினேழு வயதில் இரண்டும் இல்லை! நம்மவர் பெரும்பாலும் இத்துறையைப் பற்றிக் கேள்விப்படுவது கல்லூரியில் சேர்ந்த பின்னரே. இடைவெளி இங்கேதான் விழுகிறது. பிள்ளையின் அறிவில் அன்று.

ஆதலின் கழகத்தார்க்கு எம் வேண்டுகோள் இதுவே. உதவித்தொகை, மாலை வகுப்பு ஆகியவற்றின் கவனம் உயர்நிலைப் பள்ளியோடு நில்லாமல் ஐந்தாம் வகுப்புக்கும் இறங்க வேண்டும். ஊர்தோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து, கணக்கும் பொது அறிவும் கற்பித்து, நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். சைனிக் பள்ளியின் கட்டணம் சிறிதன்று. வருமானத்துக்கேற்ற அரசு உதவியைப் பெற்றுத் தருவதும், குறைவதைத் திரட்டுவதும் நம் பணி. பெண் பிள்ளைகளை விட்டுவிடலாகாது. 2016இல் மூன்று பெண்கள் போர் விமானிகளாயினர்; 2021 முதல் சைனிக் பள்ளிகள் அனைத்திலும் பெண்களும் சேர்க்கப்படுகின்றனர்; 2025இல் தேசியப் பாதுகாப்புக் கழகத்திலிருந்து முதல் பெண்கள் அணி தேறி வெளிவந்தது. பிள்ளைகளின் கண்ணையும் உடல்நலத்தையும் இளமையிலேயே சோதித்தறிவதும் இன்றியமையாதது.

இவ்வழியிற் செல்லும் எல்லோரும் சாகசக் குழுவிற் சேர்வர் என்று நாம் கூறவில்லை. விமானியாகவே பலரால் இயலாது. ஆயினும் ஒன்பது விமானங்கள் மேலே எழத் தரையிலே பொறியாளரும் தொழில்நுட்பப் பணியாளரும் வேண்டும். அப்பணிகளுக்கும் அதே கணக்கும் அதே அறிவியலும்தான் அடிப்படை. பத்து வயதிற் பெற்ற பயிற்சி எத்துறைக்குப் போனாலும் வீணாவதில்லை.

தஞ்சையில் 2020 முதல் சுகோய் போர் விமானங்கள் நிற்கின்றன. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அவை நமக்கு அண்டையிலேயே உள்ளன. அவற்றை நோக்கிச் செல்லும் பள்ளிப் பாதையைத்தான் நாம் அமைக்க வேண்டும். இவ்வெள்ளிவிழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஒவ்வோர் உறுப்பினரும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்வாராயின், அடுத்த 25 ஆண்டுகளின் பயனை நம் சமுதாயம் கண்ணாரக் காணும்.